சில்லு மாற்ற ஒரு மின்சாரத் துணை

வாகனம் ஓட்டக் கற்றவர் எல்லாரும் சில்லு மாற்றக் கற்றவர் அல்லர். நடுவழியில் ரயரிற் காற்றுப் போய்விட்டால், யாரேனும் வருவார் என்று காத்து நிற்பவரே நம்மிற் பலர். முதியோர்க்கும், பிள்ளைகளோடு தனியே செல்லும் தாய்மார்க்கும் கைப்பிடியைச் சுழற்றி வண்டியை உயர்த்துவது பெரும்பாடு. அச்சுமையைக் குறைக்க வந்ததே மின்சார ஜக்.

வண்டியின் 12 வோல்ற் பற்றரியே இதற்கு உயிர். சிகரெட் பற்றவைக்கும் துளையிலோ பற்றரியின் முனைகளிலோ இணைத்துப் பொத்தானை அழுத்தினால், சிறு மோட்டர் ஒன்று திருகாணியைச் சுழற்ற, வண்டி மெல்ல எழும். எண்ணெயழுத்தத்தால் உயர்த்துவனவும் உள. துளையிற் பொருத்துவதாயின், அதற்குரிய உருகி ஜக் எடுக்கும் மின்னோட்டத்தைத் தாங்குமா என்பதை முன்னரே பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 12 அம்பியர் எடுக்கும் ஜக்கின் வலு 144 வாற். 400 கிலோ பாரத்தை ஓரடி உயர்த்த ஏறத்தாழ 1,200 யூல் சக்தி போதும். எட்டு விநாடியில் முடியவேண்டிய வேலை. ஆயினும் அதனிலும் பன்மடங்கு நேரம் செல்கிறது. திருகாணியின் உராய்விலே சக்தியின் பெரும்பங்கு கரைந்துவிடுவதே முதற் காரணம். ஆனால் அவ்வுராய்வே நமக்குக் காவலுமாகும். மின்சாரம் இடையில் நின்றாலும் திருகாணி பின்னோக்கிச் சுழலாது தாங்கி நிற்கும்.

இனிச் செய்முறை. சமமான, இறுகிய நிலத்தில் வண்டியை நிறுத்திக் கைத்தடையை இழுத்துவிடுக. எல்லாரையும் இறக்கிப் பாதையோரம் விலகி நிற்கச் செய்க. மூலைவிட்டமாக எதிரேயுள்ள சில்லுக்குக் கல் அண்டைகொடுக்க. மணலோ மழை ஊறிய மண்ணோ ஆயின் ஜக்கின் அடியில் தடித்த பலகை இடுக. நட்டுகளைச் சில்லு தரையில் நிற்கும்போதே அரைச்சுற்றுத் தளர்த்துக. உயர்த்தியபின் தளர்த்த முயன்றால் வண்டி அசையும், ஜக் சரியும். வாகனக் கைநூல் காட்டும் இடத்திலன்றி வேறெங்கும் ஜக்கைப் பொருத்தலாகாது.

பொத்தானின் இலகு அச்சத்தை மறக்கச் செய்யும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ஜக், வண்டியைத் தூக்குவதற்கேயன்றி, அதன்கீழ் நாம் புகுவதற்கு அன்று. தலையையோ கையையோ உள்ளே நுழைத்தல் உயிரோடு விளையாடுவதாகும். மேலதிகச் சில்லையும், பின்னர் கழற்றிய சில்லையும் வண்டியின் ஓரச் சட்டத்தின் கீழ்ப் படுக்கவைத்தால், ஜக் தவறினும் வண்டி நிலத்தில் மோதாது.

புதிய சில்லைப் பொருத்தியபின் நட்டுகளை ஒன்றுக்கொன்று எதிரெதிராக இறுக்குக. கீழே கிடத்திய சில்லை எடுத்துவிட்டு வண்டியை இறக்கி, மீண்டும் முழுப்பலத்தோடு இறுக்குக. மின்சாரம் கைவிட்டாற் சுழற்றுவதற்குப் பல ஜக்குகளோடு கைப்பிடியும் வரும். அதை வீட்டில் விட்டுச் செல்லலாகாது.

ஓய்வான ஒரு ஞாயிறன்று, வீட்டு முற்றத்திலே குடும்பத்தில் வண்டியோட்டும் அனைவரும் ஒருமுறை பழகிப் பார்ப்போம். இருளும் மழையும் சூழ்ந்த கண்டி வீதியிலே முதற்பாடம் படிக்க வேண்டா.