மயக்க மருந்துக்கு முன் ஒரு வாய் தே தாரிக்

மாணவர்களே, மார்பகக் கட்டிக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளக் காலையில் கிளம்பும் பாட்டி, "வயிறு காய்கிறது, ஐயா. யாரிடமும் சொல்லாதே, ஒரு வாய் தே தாரிக் மட்டும் கொடு" என்கிறார். கொடுப்பீர்களா?

மலேசியப் பெண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். "மயங்கினால் மறுபடியும் எழுவேனா?" என்ற பயத்தால் அறுவையைத் தள்ளிப்போடுவோரும் உண்டு.

ஒரு காலத்தில் அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. 1804 அக்டோபர் 13இல், ஜப்பானிய மருத்துவர் ஹனவோக்கா செய்ஷு, 60 வதுப் பெண் ஒருவரை மயக்கத்தில் ஆழ்த்தி மார்பகப் புற்றுக்கட்டியை அகற்றினார். அமெரிக்காவில் ஈதர் மயக்கம் பலர் முன்னிலையில் செய்துகாட்டப்பட்டதற்கு 42 ஆண்டுகளுக்கு முன்பே நடந்தது இது! அவர் கொடுத்த கஷாயத்தின் முக்கியச் சரக்கு என்ன தெரியுமா? மலாய்மொழியில் கெச்சுபோங் எனப்படும் நம் ஊமத்தை. அது கொடிய நச்சு. சோதனைக்கு உடன்பட்ட அவர் மனைவி பார்வையை இழந்தார் என்பர். விழுங்கிய கஷாயத்தின் அளவைப் பிறகு கூட்டவோ குறைக்கவோ வழியில்லை.

இன்று அது முடியும். முழு மயக்கத்துக்குப் புரோப்போஃபோல் போன்ற மருந்து நரம்பூசி வழியே இரத்தத்தில் கலந்து, ஒரு நிமிடத்துக்குள் மூளையை உறங்கவைக்கிறது. அறுவை முடியும்வரை மயக்க மருந்து நிபுணர் அருகிலேயே இருந்து இதயத்துடிப்பு, இரத்த அழுத்தம், ஆக்சிஜன், வெளிமூச்சிலுள்ள கார்பன் டைஆக்சைடு ஆகியவற்றைக் கவனித்து அளவை மாற்றுகிறார்.

சிறு கட்டி என்றால், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தாலே போதும். மார்பகத்தையே அகற்றுவதற்குப் பெரும்பாலும் முழு மயக்கம் தேவை. அதோடு, முதுகெலும்பிலிருந்து விலா எலும்பையொட்டி வரும் நரம்புகளின் அருகிலும் மரப்பு மருந்து செலுத்துவதுண்டு. நரம்பு செய்தி அனுப்ப, சோடியம் அயனிகள் அதனுள் நுழைய வேண்டும். மருந்து அந்த வாயிலை அடைத்துவிடும். வலிச் செய்தி மூளைக்குப் போகாது. விழித்த பிறகும் வலி குறைவு. இதயமோ நுரையீரலோ பலவீனமானவர்களுக்குச் சில வேளை இந்த நரம்பு மரப்போடு, லேசான தூக்க மருந்து மட்டும் கொடுத்தும் அறுவை செய்வார்கள்.

இப்போது பாட்டியின் தே தாரிக். மயக்கத்தில் இருமலும் விழுங்கும் அனிச்சைச் செயலும் அடங்கிவிடும். வயிற்றில் உள்ளது மேலேறினால் நுரையீரலுக்குள் போய்விடலாம்; உயிருக்கே ஆபத்து. அதனால்தான் பொதுவாக உணவும் பால் கலந்த பானமும் 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தப்படுகின்றன. வெறும் தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன்பு. மருத்துவமனை வேறு நேரம் சொன்னால் அதையே பின்பற்றவேண்டும்.

எனவே, கொடுக்காதீர்கள். ஏற்கெனவே குடித்துவிட்டாரா? மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். அறுவை சற்றுத் தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஆஸ்துமா, ஒவ்வாமை, சாப்பிடும் மாத்திரை, நாட்டு மருந்து, முன்பு மயக்க மருந்தால் குடும்பத்தில் யாருக்கேனும் வந்த சிக்கல் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பாட்டியின் கையில் கொடுத்தனுப்புங்கள். எத்தனை கருவிகள் இருந்தாலும், அந்தத் தாளில் உள்ளதை நிபுணருக்குச் சொல்லக்கூடியவர்கள் நீங்கள்தான்.