தோல்விப் பருவமும் உதவிப் பயிற்றுநரும்

ஐக்கிய அமெரிக்காவிலே ஆண்டுதோறும் நவம்பர் மாதக் கடைசி தொடங்கி ஜனவரி நடுப்பகுதி வரை ஒரு வழக்கம் தவறாது நிகழ்கின்றது. உதைபந்தாட்டப் பருவம் முடிவடையும். வெற்றிகளிலும் பார்க்கத் தோல்விகள் மிகுந்துவிட்ட அணிகளின் தலைமைப் பயிற்றுநர்கள், தமக்குக் கீழ்ப் பணிபுரிந்த உதவிப் பயிற்றுநர்களில் ஒருவரையோ பலரையோ வேலையினின்று விலக்குவர். பத்திரிகையில் நாலு வரிக்குள் அடங்கிவிடும் அறிவித்தல் அது. விலக்கப்பட்டவரது சேவைக்கு நன்றி கூறப்படும். அணி புதிய பாதையிற் செல்ல விழைகின்றது எனக் காரணம் காட்டப்படும். தொழில்முறை அணிகளின் வழமையான பருவம் முடிந்ததும் வருகின்ற திங்கட்கிழமைக்குக் 'கறுப்புத் திங்கள்' என்றே பெயர் வழங்குகின்றது. அன்றைய தினம் தலைமைப் பயிற்றுநர் சிலர் பதவி இழப்பர். தம் பதவியைக் காத்துக்கொண்ட ஏனையோர், அடுத்த சில நாட்களில் தம் உதவியாளரைக் கணக்கெடுக்கத் தொடங்குவர்.

இவ்வழக்கத்தை விளங்கிக்கொள்வதற்கு அவ்வாட்டத்தின் அமைப்பை ஓரளவு அறிதல் வேண்டும். நம் நாட்டவர் உதைபந்தாட்டம் என்று கூறுவது வேறு. அமெரிக்கர் அப்பெயரால் அழைப்பது வேறு. பெயரிலே காலுக்கு இடமிருப்பினும் ஆட்டத்திற் பெரும்பகுதி கைக்கே உரியது. றக்பி ஆட்டத்தைக் கண்டவர்கள் இதனை எளிதில் உருவகித்துக்கொள்ளலாம். முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி ஓடியும் எறிந்தும் எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்த்தலே நோக்கம். களத்தில் ஒரு பக்கத்துக்கு 11 பேர். ஆனால் தாக்கும் பதினொருவர் வேறு, தடுக்கும் பதினொருவர் வேறு. பந்தை உதைக்கவேண்டிய கட்டங்களுக்கு மற்றொரு கூட்டம் இறங்கும். தாக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புக்கள் உண்டு. அந்நான்கினுள் 10 யார் தூரமேனும் முன்னேறுதல் வேண்டும். ஒவ்வொரு வாய்ப்புக்கும் முன்னர் ஆட்டம் நிற்கும். அவ்விடைவேளையில் எல்லைக் கோட்டுக்கு வெளியே நிற்கின்ற பயிற்றுநர், அடுத்த வியூகம் இன்னதெனக் கட்டளையிடுவார். உலகின் வேறெந்தப் பந்தாட்டத்திலும் பயிற்றுநரின் கை இவ்வளவு தூரம் களத்தினுள்ளே நீளுவதில்லை எனலாம்.

இதனாலேயே ஒவ்வோர் அணியும் ஒரு சிறு சேனைக்குரிய அதிகார வரிசையை உடையதாயிருக்கின்றது. தலைமைப் பயிற்றுநருக்குக் கீழே தாக்குதலுக்கு ஓர் ஒருங்கிணைப்பாளர், தடுப்புக்கு ஓர் ஒருங்கிணைப்பாளர், உதை ஆட்டங்களுக்கு ஒருவர். அவர்களுக்குக் கீழே பந்தெறிவோனுக்கு ஒருவர், ஓடுவோருக்கு ஒருவர், முன்வரிசையாளருக்கு ஒருவர் என இடத்துக்கொரு பயிற்றுநர். பல்கலைக்கழக அணிகளிற் களத்தில் நின்று பயிற்றக்கூடிய உதவியாளரின் தொகை 2018 முதல் பத்தாக வரையறுக்கப்பட்டிருந்தது; 2024இல் அவ்வரம்பு நீக்கப்பட்டது. தொழில்முறை அணிகளிலோ இருபதுக்கு மேற்பட்டோர் இருப்பர்.

வேலையைப் பகுத்த இவ்வொழுங்கே பழியையும் பகுத்துக் கொடுத்துவிடுகின்றது. எதிரணி 50 புள்ளி பெற்றதாயின் தடுப்பு ஒருங்கிணைப்பாளரைச் சுட்டலாம். தம் அணி மூன்றே புள்ளி பெற்றதாயின் தாக்குதல் ஒருங்கிணைப்பாளரைச் சுட்டலாம். ஒவ்வொரு தவறுக்கும் ஒரு பெயர் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கின்றது. தலைமைப் பயிற்றுநரின் பெயர் மாத்திரம் எல்லாவற்றுக்கும் பொதுவாக நிற்பதால், எதற்கும் தனித்து உரியதாகாமல் தப்பிக்கொள்கின்றது.

பணமும் இதில் ஒரு பங்கு வகிக்கின்றது. தலைமைப் பயிற்றுநரின் ஒப்பந்தம் பெரும்பாலும் பல ஆண்டுகளுக்குரியது. இடையில் விலக்கினாற் பெருந்தொகை கொடுத்தே தீரல் வேண்டும். உதவியாளரின் ஒப்பந்தமோ ஓராண்டு, ஈராண்டு, மிஞ்சினால் மூன்றாண்டு. எனவே தோல்வியால் வெகுண்ட ஆதரவாளர்க்கு ஏதேனும் மாற்றத்தைக் காட்டவேண்டிய விளையாட்டுத்துறைப் பணிப்பாளருக்கு, உதவியாளரை விலக்குவது மலிவான வழியாகத் தோன்றுகின்றது. தலைமைப் பயிற்றுநருக்கும் அதுவே ஓராண்டுத் தவணை பெற்றுத் தருகின்றது. ஆனால் அவ்வுதவியாளரைத் தெரிந்தெடுத்தவர் யார் என்ற வினா மட்டும் கேட்கப்படாமலே போய்விடுகின்றது. ஒருவனை ஆராய்ந்து தெளிதலையும், தெளிந்தவனிடம் வினையை ஒப்படைத்தலையும் இரு வேறு அதிகாரங்களாக வகுத்துவைத்த திருக்குறளைக் கற்றோர்க்கு அவ்வினா உடனே எழும். தேர்ந்தவனுக்கும் பிழையிற் பங்குண்டு.

நெப்ராஸ்காப் பல்கலைக்கழகத்தின் கதை இதற்குத் தக்க சான்று. லிங்கன் நகரிலுள்ள அதன் அரங்கிலே 1962 முதல் எந்த ஆட்டத்துக்கும் அனுமதிச் சீட்டு மிஞ்சியதில்லை எனப் பெருமை பேசுவர். அப்பல்கலைக்கழகம் 1997இல் நாட்டின் முதலிடத்தைப் பெற்றபோது பந்தெறிவோனாக விளையாடிய ஸ்கொட் புரொஸ்ட், 2017 டிசெம்பரில் அதன் தலைமைப் பயிற்றுநராக அழைத்து வரப்பட்டார். மத்திய புளோரிடாவிலே தோல்வியறியாத அணியொன்றை உருவாக்கிய புகழோடு அவர் வந்தார். அங்கு தம்மோடு உழைத்த உதவியாளரையும் உடன் கொணர்ந்தார். ஊர்ப் பிள்ளை ஊருக்குத் திரும்பினான் என மக்கள் மகிழ்ந்தனர்.

ஆனால் 2021ஆம் ஆண்டுப் பருவத்தில் அவ்வணி 12 ஆட்டங்களில் மூன்றிலேதான் வென்றது. தோற்ற ஒன்பதிலும் வித்தியாசம் ஒன்பது புள்ளிக்கு மேற்படவில்லை என்பது விந்தையானது. ஒவ்வொரு முறையும் வெற்றியின் வாசல் வரை வந்து திரும்பிய அணி அது. நவம்பர் 8ஆந் திகதி, பருவத்தில் இன்னும் இரண்டு ஆட்டங்கள் எஞ்சியிருக்கையில், தாக்குதற் பகுதியின் உதவியாளர் நால்வரைப் புரொஸ்ட் ஒரே நாளில் விலக்கினார். அவர்களுள் மூவர் புளோரிடாவிலிருந்து அவரை நம்பி வந்தவர்கள். அவருடைய சம்பளமும் ஆண்டுக்கு 50 இலட்சம் டொலரிலிருந்து 40 இலட்சமாகக் குறைக்கப்பட்டது. எஞ்சிய இரு ஆட்டங்களும் முன்போலவே ஏழு ஏழு புள்ளியால் தோல்வியுற்றன.

அடுத்த பருவத்துக்குப் புதிய தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் வந்தார். வியூகங்களைக் கூறும் பொறுப்பும் அவரிடம் விடப்பட்டது. 2022 ஓகஸ்ட் 27இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் நோர்த்வெஸ்டேர்ண் அணியுடன் முதலாட்டம். மூன்றாங் கட்டத்தில் நெப்ராஸ்கா 28க்கு 17 என முன்னணியில் நின்றது. புள்ளி பெற்ற அணி பந்தை எதிரணிக்குத் தொலைவாக உதைத்துக் கொடுப்பதே முறை. தந்திரமாகச் சிறிது தூரம் மட்டும் உதைத்துத் தாமே அதனைக் கைப்பற்ற முயல்வதும் உண்டு. தவறினால் எதிரி பாதி வழியை இலவசமாகப் பெற்றுவிடுவான். தோற்கும் நிலையிலுள்ளவர் கையாளும் அத்தந்திரத்தை, முன்னணியில் நின்ற புரொஸ்ட் கையாளப் பணித்தார். பந்து எதிரணியின் கையிற் சிக்கியது. ஆட்டம் 31க்கு 28 எனத் தோல்வியில் முடிந்தது. விலக்கப்பட்ட நால்வரில் எவரும் அன்று அங்கிருக்கவில்லை. இரு வாரங்களின் பின்னர் ஜோர்ஜியா சதேர்ண் அணியிடமும் 45க்கு 42 எனத் தோற்கவே, மறுநாள் புரொஸ்ட் விலக்கப்பட்டார். ஒக்டோபர் முதலாந் திகதி வரை பொறுத்திருந்தாற் கொடுக்கவேண்டிய ஒன்றரைக் கோடி டொலர் பாதியாகியிருக்கும். அதுவரைகூடப் பொறுக்கப் பல்கலைக்கழகம் விரும்பவில்லை. அவரிடத்திற் பருவத்தின் எஞ்சிய நாட்களுக்கு அமர்த்தப்பட்டவர், முன்னைய நீக்கத்தின்பின் புதிதாகச் சேர்ந்த உதவியாளருள் ஒருவரே.

இது கொண்டு நீக்கமெல்லாம் வீண் எனக் கூறிவிடுதல் பொருந்தாது. மிச்சிகன் பல்கலைக்கழகம் 2020இல் ஆடிய ஆறில் நான்கைத் தோற்றது. தலைமைப் பயிற்றுநர் ஜிம் ஹார்போ தடுப்பு ஒருங்கிணைப்பாளர் டொன் பிரவுணை விலக்கி, முப்பது வயதைச் சற்றே கடந்த மைக் மக்டொனால்டைத் தொழில்முறை அணியொன்றிலிருந்து அழைத்துவந்தார். இங்கே நீக்கத்துக்குத் திட்டமான காரணம் இருந்தது. பிரவுணின் தடுப்புமுறை ஓகைய்யோ மாநில அணியிடம் 2018இல் 62 புள்ளியும் 2019இல் 56 புள்ளியும் கொடுத்திருந்தது. குறை எதிலென்பது எல்லோருக்கும் வெளிச்சம். ஹார்போ தம் சம்பளம் ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கப்படுவதற்கும் உடன்பட்டார். 2021இல் அதே எதிரணியை 42க்கு 27 என வென்றது மிச்சிகன். 2023ஆம் ஆண்டுப் பருவத்தில் ஒரு தோல்வியுமின்றி நாட்டின் முதலிடத்தையும் பெற்றது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மக் பிரவுணுக்கு இந்த மருந்து பலிக்கவில்லை. 2010இல் ஐந்து வெற்றி, ஏழு தோல்வி. அதன்பின் ஒருங்கிணைப்பாளர் இருவரும் மாறினர். அவ்வாறு வந்த தடுப்பு ஒருங்கிணைப்பாளரையும் 2013 செப்டெம்பரில், பிரிகம் யங் அணி தரைவழியாக மட்டும் 550 யார் ஓடித் தீர்த்த மறுநாள், விலக்கினார். அவ்வாண்டு டிசெம்பரிலே அவரும் பதவி துறந்தார்.

நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் 2016இல் நிகழ்ந்தது இவையிரண்டுக்கும் நடுவிலே நிற்பது. அதனாலேயே அதிகம் கற்பிப்பதும் அதுவே. அங்கு தலைமைப் பயிற்றுநர் பிரயன் கெல்லி. தடுப்பு ஒருங்கிணைப்பாளர் பிரயன் வான்கோர்டர், பழைய நாட்களில் கெல்லியோடு ஒரே கல்லூரியிற் பணியாற்றியவர். பருவத்தின் முதல் நான்கு ஆட்டங்களில் மூன்று தோல்வி. அம்மூன்றிலும் எதிரணிகள் பெற்றவை 50, 36, 38. டியூக் அணியிடம் தோற்ற மறுநாளே, செப்டெம்பர் 25இல், வான்கோர்டர் விலக்கப்பட்டார். இரு வாரங்களின் பின்னர் சூறாவளி மழையிலே வட கரோலினா மாநில அணியோடு ஆட்டம். தடுப்பாளர்கள் மாவீரராய் நின்றனர். எதிரணிக்குக் கிடைத்த பெரும் புள்ளி நோட்டர் டேமின் உதையொன்று தடுக்கப்பட்டு அதனால் வந்தது. ஆயினும் தாக்குதற் பகுதி மூன்றே புள்ளி பெற்றதால் 10க்கு 3 எனத் தோல்வி. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது அன்று ஈரக் களத்தில் எழுதிக்காட்டப்பட்டது. பருவ முடிவில் நான்கு வெற்றி, எட்டுத் தோல்வி.

அதன் பின்னரே உண்மையான மாற்றம் நிகழ்ந்தது. கெல்லி தடுப்புக்கு வேக் பொரெஸ்ட் பல்கலைக்கழகத்திலிருந்து மைக் எல்கோ என்பவரையும், தாக்குதலுக்கும் உடற்பயிற்சிக்கும் புதியவர்களையும் கொணர்ந்தார். அத்தோடு வீரர்களைத் தனித்தனியே அழைத்து உரையாடி, தம்மிடம் அவர்கள் கண்ட குறைகளைக் கேட்டறிந்தார். அவர்களோடு அதுவரை நெருங்கிப் பழகாதிருந்தவர் தம் நடைமுறையை மாற்றிக்கொண்டார். 2017இல் பத்து வெற்றி, மூன்று தோல்வி. 2018இல் வழமையான பருவத்தின் 12 ஆட்டங்களிலும் வெற்றி. உதவியாளர் மாறியதாலா, தலைவர் மாறியதாலா என்று பிரித்துக் கூறவியலாது. ஆனால் நெப்ராஸ்காவில் மாறியது முன்னையது மட்டுமே.

விலக்கப்படுவோரின் நிலை பத்திரிகைக் கணக்குகளில் வருவதில்லை. இத்தொழிலில் உள்ளவர் நாலைந்து ஆண்டுக்கொருமுறை மாநிலம் விட்டு மாநிலம் பெயர்வது வழமை. ஊருக்கு ஊர் வீடு மாறும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மாறும். எஞ்சிய ஒப்பந்தக் காலத்துக்குச் சம்பளம் கிடைப்பினும், புதிய வேலை கிடைத்ததும் அத்தொகை அதிலிருந்து கழிக்கப்படுவதே பெரும்பாலான ஒப்பந்தங்களின் நிபந்தனை. பல்கலைக்கழக அணியில் இன்னொரு தரப்பும் உண்டு. பதினேழு வயது மாணவனின் வீட்டுக்குச் சென்று, தாய் தந்தையரோடு அமர்ந்து, உங்கள் மகனை நான் கவனித்துக்கொள்வேன் என வாக்களித்தவர் பெரும்பாலும் தலைமைப் பயிற்றுநரல்லர், உதவியாளரே. அவர் போனபின் அவ்வாக்கை யார் காப்பது? 2021இல் மாணவர்கள் ஒருமுறை வேறு பல்கலைக்கழகம் மாறி உடனே விளையாடலாம் என விதி தளர்த்தப்பட்டமையால், உதவியாளர் நீங்கியதும் மாணவரும் நீங்குதல் எளிதாயிற்று.

நோட்டர் டேமை உயர்த்திய எல்கோ அங்கு ஓராண்டே இருந்தார். பின்னர் டெக்சாஸ் ஏ அன்ட் எம் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, இடையே டியூக் பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்றுநராயிருந்து, 2023 இறுதியில் டெக்சாஸ் ஏ அன்ட் எம்முக்கே தலைமைப் பயிற்றுநராகத் திரும்பினார். கெல்லி 2021இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறியிருந்தார். அங்கும் 2023ஆம் ஆண்டுப் பருவம் முடிந்ததும், பத்து ஆட்டங்களில் வென்றிருந்தும், தடுப்பு ஒருங்கிணைப்பாளரை விலக்கினார். 2025 ஒக்டோபர் 25இல் பேட்டன் ரூஜ் நகரில், லூசியானாவின் சொந்த அரங்கிலே, இருவரின் அணிகளும் எதிரெதிரே நின்றன. எல்கோவின் அணி 49க்கு 25 என வென்றது. மறுநாள் கெல்லி விலக்கப்பட்டார். ஒப்பந்தப்படி அவருக்குச் சேரவேண்டிய தொகை ஐந்து கோடி டொலருக்கு மேல். தாக்குதல் ஒருங்கிணைப்பாளரும் அதையடுத்து வேலை இழந்தார்.