ஐந்து சான்றுகளும் ஓர் எண்ணும்

இலக்கண நூலார் விதியை முன்னர்க் கூறி, எடுத்துக்காட்டைப் பின்னர்த் தருவர். எடுத்துக்காட்டுக்களை மட்டும் குவித்து, அவற்றினின்றே விதியை வகுக்க முயல்வோர்க்கு நேரும் இடரைக் காட்டுதற்குக் கணிதத்தில் ஓர் எண் உண்டு. 4294967297 என்பதே அது. தமிழாசிரியனுக்கு எண்ணாராய்ச்சி எதற்கு என வினவுவார்க்கும் இதிற் பயனுண்டு.

1ஆலும் தன்னாலுமன்றிப் பிறிதோர் எண்ணால் மீதியின்றி வகுபடாத, 1இலும் பெரிய எண்ணை முதன்மை எண் என்பர். பிற காரணிகளை உடையது சேர்த்தி எண். பிரான்சு தேசத்துத் துலூசு நகரில் நீதிமன்றப் பணி புரிந்த பேர்மா என்பார், 2இன் அடுக்குகளை 1, 2, 4, 8, 16 என இரட்டித்துச் சென்று, ஒவ்வொன்றோடும் 1ஐக் கூட்டினார். 3, 5, 17, 257, 65537 என்பன கிடைத்தன. ஐந்தும் முதன்மை எண்களே. இவ்வொழுங்கில் வருவன யாவும் முதன்மை எண்களாதல் வேண்டும் என 1640இல் அவர் எழுதினார். அதற்கு நிறுவல் தம்மிடம் இல்லை என்பதையும் அவர் ஒளித்தாரல்லர்.

அடுத்த எண் 2³² + 1, அஃதாவது 4294967297. 92 ஆண்டுகளின் பின், 1732இல், இரசியாவின் சென் பீற்றர்சுபேக்கு நகரிலிருந்த ஒயிலர் அதன் காரணிகளைக் கண்டார்.

4294967297 = 641 × 6700417

இவ்வெண்ணின் முதன்மைக் காரணி எதுவாயினும், அது 64இன் மடங்கொன்றோடு 1 கூட்டியதாகவே இருத்தல் வேண்டும் என்பதை அவர் பின்னர் நிறுவினார். அவ்வகை முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641 எனச் செல்வன. எல்லா எண்களாலும் வகுத்துப் பார்ப்பான் ஓய்ந்துபோவான்; வழியறிந்தவனுக்கு ஐந்தாம் முயற்சியிலேயே விடை கிட்டும்.

நீண்ட வகுத்தலின்றியும் மாணவர் இதனைத் தெளியலாம். 640⁴ − 1 என்பது 639 × 641 × (640² + 1) ஆம்; ஆகவே அது 641ஆல் வகுபடும். 640 என்பது 5 × 2⁷ ஆதலின், 640⁴ = 625 × 2²⁸. இனி, 2³² = 16 × 2²⁸. இவ்விரண்டையுங் கூட்ட 641 × 2²⁸ வரும்; இதுவும் 641ஆல் வகுபடும். இக்கூட்டுத்தொகையிலிருந்து 640⁴ − 1ஐக் கழிக்க, எஞ்சுவது 2³² + 1. 641ஆல் வகுபடும் இரண்டின் வித்தியாசமும் 641ஆல் வகுபடுமன்றோ!

பேர்மா எண்ணாராய்ச்சியில் ஒப்பற்ற அறிஞர். ஆயினும் அவர்தம் பெருமையோ, ஐந்து சான்றுகளோ நிறுவலின் இடத்தைப் பெறவில்லை. 2³² + 1 முதலாக இவ்வரிசையில் தொடர்ந்து வரும் 28 எண்களும் சேர்த்தி எண்களே என இன்று அறியப்பட்டுள்ளது. ஆறாவது முதன்மை எண்ணைக் கண்டவர் இலர். ஆகவே, இனி ஒன்றும் இல்லை எனத் துணிந்து கூறலாமோ? அங்ஙனங் கூறுவோர், பேர்மா வழுக்கிய இடத்திலேயே எதிர்ப்பக்கமாக வழுக்குவர். ஐந்து சான்றுகள் போதாதவாறே இருபத்தெட்டும் போதா. நிறுவல் இன்னும் கிடைத்திலது. அதனைத் தேடும் உரிமை இன்று வகுப்பறையில் இருக்கும் மாணவர்க்கும் உண்டு.