பல் செட் கட்டப் போகும் பெரியவர்களுக்கு

பல் போனதும் கஞ்சியும் ஊறவைத்த ரொட்டியுமே போதும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். கறியும் காய்கறியும் குறையக் குறைய உடம்பு தளர்கிறது. "இந்த வயசில் எனக்கு எதற்கு?" என்று அத்தா சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள்.

உதவி கேட்டு வருவோரிடம் நாங்கள் முதலில் சொல்வது, புத்தூர் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் காட்டுங்கள் என்பதுதான். முழு செட் ஒரே நாளில் முடியாது. பல் பிடுங்கிய ஈறு ஆறி வற்றவே இரண்டு மூன்று மாதம் ஆகலாம். பிறகு அளவெடுக்க, கடி பார்க்க, மெழுகில் வைத்துப் பார்க்க என்று நாலைந்து நடை. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி வரும் முதியவருக்கு ஒவ்வொரு நடைக்கும் துணை வேண்டும்.

கீழ் செட் ஆடத்தான் செய்யும். அங்கே பிடிமானம் குறைவு, நாக்கும் தள்ளும். பழகச் சில வாரங்கள் பிடிக்கும். புண் வந்தால் மருத்துவரிடமே போங்கள். வீட்டில் அரம் வைத்துத் தேய்ப்பவர்களும், உடைந்ததைப் பசை போட்டு ஒட்டுபவர்களும் இருக்கிறார்கள். செட் வீணாவதுதான் மிச்சம்.

இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டுவையுங்கள். கொதிநீர் பட்டால் வளைந்துவிடும். ஒளூச் செய்ய வாய் கொப்பளிக்கும்போதே கழற்றி அலசிக்கொள்ளலாம். கடமையான குளிப்பின் சட்டத்தை உங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேளுங்கள். கழுவும்போது கீழே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் இருக்கட்டும். கை நழுவினாலும் உடையாது.