உங்களுக்குத் தெரியுமா? ஓவனின் பொய்யைச் சர்க்கரை காட்டிக்கொடுக்கும்!

கேக் மேலே கருகி, உள்ளே மாவாகவே நிற்கிறதா? செய்முறையைத் திட்டுமுன் ஓவனைச் சந்தேகப்படுங்கள். திருகில் 180 என்று வைத்தால் உள்ளேயும் 180 இருக்கும் என்பது வெறும் நம்பிக்கைதான்.

வெள்ளைச் சர்க்கரை உருகுவது சுமார் 186 டிகிரி செல்சியஸில். அலுமினியத் தாளில் ஒரு ஸ்பூன் சர்க்கரையைப் பரப்பி, நன்கு சூடேறிய ஓவனில் 175-இல் கால் மணி நேரம் வையுங்கள். மணல் மாதிரி அப்படியே கிடக்க வேண்டும். ஓரம் கண்ணாடியாய் இளகினால் ஓவன் சொல்வதைவிட அதிகமாகக் காய்கிறது. புதுச் சர்க்கரையை 190-இல் வைத்தால் உருகியாக வேண்டும். உருகாவிட்டால் சூடு போதவில்லை. (உருகியதை விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள், தோலோடு ஒட்டிக்கொள்ளும்.)

சூடேறியதாக விளக்கு காட்டியதுமே கேக் தட்டை உள்ளே தள்ளாதீர்கள். காற்றுதான் காய்ந்திருக்கும், சுவர்கள் இன்னும் காய்ந்திருக்காது. மேலும் பத்து நிமிடம் பொறுங்கள்.