சந்தன மரம் காடுகளில் அருகுவது ஏன்?

மைசூரு: சந்தன எண்ணெய்க்கும் சோப்புக்கும் பெயர் பெற்ற மைசூரு வட்டாரக் காடுகளில், முதிர்ந்த சந்தன மரங்கள் அரிதாகி வருகின்றன. இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 1998-ஆம் ஆண்டு இம்மரத்தை ‘அழிவுக்கு உள்ளாகக்கூடிய’ இனமாகச் சிவப்புப் பட்டியலில் சேர்த்தது. அச்சுறுத்தலுக்கு உள்ளான இனங்களுக்கான மூன்று படிநிலைகளுள் இது தொடக்க நிலையாகும்.

முதிர்ந்த மரங்களே இலக்கு

சந்தனத்தின் மணமும் எண்ணெயும் அதன் வைரப்பகுதியிலும் வேரிலும் உள்ளன. வைரம் பாயத் தொடங்கவே சுமார் 10 ஆண்டுகள் ஆகும். நன்கு முற்ற 30 ஆண்டுகள் வரை தேவை. வேருக்கும் விலை உண்டு என்பதால் மரம் வேரோடு பெயர்த்தெடுக்கப்படுகிறது. நன்கு விதை தரும் முதிய மரங்களே கடத்தலுக்கு முதலில் இரையாவதால், காட்டில் புதிய கன்றுகள் முளைப்பதும் குறைகிறது.

நோயும் மற்றொரு காரணம். ‘ஸ்பைக்’ எனப்படும் நோய் 1899-இல் குடகுப் பகுதியில் கண்டறியப்பட்டது. பைட்டோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரியால் வரும் இந்நோயைச் சாறு உறிஞ்சும் பூச்சிகள் பரப்புகின்றன. இலைகள் சிறுத்து, கிளைகள் முட்களைப் போல் விறைத்து, காய்ப்பு நின்று, இறுதியில் மரம் பட்டுப்போகும்.

உரிமைச் சட்டம்

திப்பு சுல்தான் 1792-இல் சந்தனத்தை அரசுடைமை மரமாக அறிவித்தார். பின்வந்த ஆட்சிகளும் அதையே பின்பற்றின. முதல் உலகப் போரால் ஐரோப்பாவுக்கான கட்டை ஏற்றுமதி தடைபட்டபோது, நால்வடி கிருஷ்ணராஜ உடையார் ஆட்சியில் மைசூர் அரசே 1916-இல் எண்ணெய் வடிக்கத் தொடங்கியது.

தனியார் நிலத்தில் வளர்ந்தாலும் மரம் அரசுக்கே உரியதாக இருந்தது. அதைக் காக்கும் பொறுப்பு மட்டும் உழவரைச் சேர்ந்ததால், சந்தனம் வளர்க்கும் ஆர்வம் அவர்களிடம் எழவில்லை. கர்நாடகம் 2001-இலும் தமிழ்நாடு 2002-இலும் சட்டத்தைத் திருத்தி, நில உரிமையாளருக்கே மரத்தை உரியதாக்கின. எனினும் வெட்டுவதற்கு வனத்துறையின் அனுமதி தேவை.

தோட்டங்கள் போதுமா?

திருத்தத்துக்குப் பின் சந்தனத் தோட்டங்கள் பெருகின. சந்தனம் பாதி ஒட்டுண்ணி. அருகிலுள்ள செடிகளின் வேர்களிலிருந்து நீரையும் சத்துகளையும் உறிஞ்சும். எனவே துவரை, சவுக்கு போன்ற துணைப் பயிர்களுடன் அது நடப்படுகிறது.

தோட்டக் கட்டை சந்தைக்குப் போதிய அளவில் வந்தால், காட்டு மரங்களின் மீதான நெருக்கடி தணியக்கூடும். ஆனால் சிவப்புப் பட்டியல் கணக்கில் கொள்வது இயற்கையாக வளரும் மரங்களையே. சில தாய் மரங்களின் விதைகளிலிருந்து மட்டும் உருவாகும் தோட்டம், காட்டிலுள்ள மரபணு வளத்துக்கு ஈடாகாது. நோயைத் தாங்கும் மரவகைகளையும் அந்த வளத்திலிருந்தே தேடியாக வேண்டும். ஆகவே, எஞ்சியுள்ள தாய் மரங்களைக் காட்டிலேயே காப்பதும், அவற்றின் விதைகளைச் சேகரிப்பதுமே சந்தனப் பாதுகாப்பின் முதன்மைப் பணியாகும்.