‘அக்கா, மூணு பீஸ்தான் இருக்கு!’

“அக்கா, இந்தக் கலர்ல மூணு பீஸ்தான் இருக்கு. பிடிச்சிருந்தா ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்ல போடுங்க!”

திண்டுக்கல்லை அடுத்த சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலை இப்போது இப்படித்தான் விலைபோகிறது. கடைக்கு வந்து துணியைக் கசக்கிப் பார்த்து வாங்கிய காலம் இருந்தது. இன்று ரீல்ஸில் முந்தானை விரிகிறது. கீழே ‘விலை?’, ‘பச்சை இருக்கா?’ என்று வரிசை நீள்கிறது. உண்மையில் சேலையை விற்பது அந்த வரிசைதான். நாற்பது பேர் விலை கேட்டிருந்தால், அடுத்து வருபவருக்குப் பாதி சந்தேகம் தீர்ந்துவிடுகிறது.

ஊர்ப்பேச்சில் கடை வளர்வது இங்கே புதிதல்ல. 1957-ல் நாகசாமி நாயுடு தொடங்கிய பிரியாணிக் கடைக்கு அவர் கட்டிய தலப்பாவே பெயராகிப்போனது. ஆனால் அந்தப் பேச்சு சாப்பிட்டவர்களின் பேச்சு.

கூட்டத்தின் கணக்கை 2006-ல் சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற ஆய்வாளர்கள் சோதித்தார்கள். 14,000-க்கும் மேற்பட்டோர் முன் அறிமுகமில்லாத 48 பாடல்களை வைத்தார்கள். எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்ற எண்ணிக்கையைப் பார்க்க முடிந்த குழுக்களில் சில பாட்டுகள் மட்டும் எகிறின. ஒரு குழுவில் ஓடிய பாட்டு இன்னொன்றில் படுத்துக்கொண்டது.

பாட்டையாவது கேட்டுப் பார்க்கலாம். சேலையை? முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கி அவிழ்த்தால் விழுவது கைச்சுங்குடிப் புள்ளி. ஒன்றுபோல் இன்னொன்று இராது. அச்சுப்புள்ளி அளவெடுத்தாற்போல் நிற்கும். அச்சுச்சேலை மலிவு, அதை வாங்குவதில் குற்றமில்லை. கைவேலை என்று சொல்லி விற்பதுதான் குற்றம். ஃபோன் திரையில் பல நேரம் வித்தியாசம் பிடிபடாது. சாயம் நிற்குமா என்பதோ முதல் அலசலில்தான் தெரியும். லைக் போட்டவர்களில் துவைத்துப் பார்த்தவர் எத்தனை பேர்?

கடைக்காரர் தன் சரக்கைப் புகழ்வதில் ஒளிவுமறைவில்லை. ‘சும்மா இந்தப் பக்கம் வந்தேன்’ என்று கேமராவோடு நுழைபவரிடம்தான் எனக்குச் சந்தேகம். காசோ இலவசச் சேலையோ வாங்கியிருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வழிகாட்டுதல் வெளியிட்டது. தவறான விளம்பரத்துக்கு 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம்; திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை.

சேலை வாங்கியவர்களே, இரண்டு முறை துவைத்தபின் ஒரு படம் எடுத்து அதே ரீல்ஸின் கீழே போடுங்கள். ஏமாந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.